முதலாளி இல்லாத ஃபேக்டரியில் ஒரு பொதுக்குழு

பெங்களூர் வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையும் அதோடு யூனியன் வேலையுமாக அலைகிற பிள்ளைகள் சிலர் போன வாரம் ஜோகுபாளையத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் உட்காராததுமாக அவர்களுக்குள்ளேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. "கேப்பிடலிசத்தை ரிப்பேர் பண்ணவே முடியாது, மொத்தமா மாத்தணும்" என்கிறான் ஒருவன். "ஏன் முடியாது? வேலை செய்றவங்க கையிலயே கம்பெனியைக் குடுத்துட்டா முடிஞ்சுது" என்கிறாள் ஒரு பெண். என் மனைவி கொடுத்த காப்பி ஆறி ஆடை படிந்ததுதான் மிச்சம். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீங்க எந்தப் பக்கம் அங்கிள்?" என்றார்கள்.

சிரித்து மழுப்பி அனுப்பிவிட்டேன். அவர்கள் போன பிறகு மனசு கேட்கவில்லை. வாதம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் என்று கிடந்த ஆள் நான். அந்தப் பிள்ளைகளின் கண்ணில் இருந்த ஜொலிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். யூனியன் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லோருமே படித்தால் நல்லது.

பொம்மசந்திராவில் டிரான்ஸ்ஃபார்மர் செய்கிற ஒரு நடுத்தரமான ஃபேக்டரியில் நான் ஃபிட்டராக இருந்தேன். யூனியனுக்குச் செயலாளர். தலைவராக இருந்தவர் இரும்புத் தகடு வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் வேலை செய்த ஒரு கன்னடக்காரர். பெயர் வேண்டாம், அவர் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லுவார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். மேடைப் பேச்சு, கோர்ட்டில் எப்படி நிற்பது, போலீஸ்காரரிடம் எந்தத் தொனியில் பேசுவது என்று நான் கற்றதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று கற்றதுதான். அவர் கன்னடத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்லுவேன். இரண்டு பேருக்கும் ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகாது.

எங்கள் யூனியனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது 'பிரேக்' முறைக்கு எதிரான போராட்டம். உங்களில் சிலருக்கு அது தெரிந்திருக்காது. ஓர் ஆள் குறிப்பிட்ட காலம் இடைவிடாமல் வேலை செய்துவிட்டால் சட்டப்படி நிரந்தரம் கேட்க வழி பிறந்துவிடும். அதனால் அந்தக் காலம் முடிவதற்குச் சற்று முன்னால் முதலாளி அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவான். சில வாரம் கழித்துப் புதிய ஆள் மாதிரி மறுபடி எடுத்துக்கொள்வான். அதுதான் பிரேக். தலை நரைக்கிறவரைக்கும் புது ஆளாகவே இருந்தவர்கள் உண்டு. இதை எதிர்த்து நாங்கள் கேட் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றோம், ஜெயித்தோம். எங்கள் ஃபேக்டரியில் பிரேக் ஒழிந்தது. அந்த நாளின் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

தொண்ணூற்றொன்றில் நாடு கதவைத் திறந்துவிட்டது. வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. எங்கள் முதலாளி இரண்டு மூன்று வருஷம் தாக்குப்பிடித்துப் பார்த்தார். அப்புறம் ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டு, "என்னால முடியலப்பா. உங்களுக்குக் குடுக்க வேண்டியதுக்குப் பதிலா மெஷினையும் ஷெட்டையும் எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். கெட்ட மனுஷன் இல்லை. களைத்துப்போன மனுஷன்.

எடுத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு மாதம் பேசினோம். தலைவர் வேண்டாம் என்றார். "நோடப்பா, இங்க பாரு, சந்தையில கடை போட்டுட்டு சாமியார் மாதிரி உக்கார முடியாது. சுத்தி இருக்கிறதெல்லாம் முதலாளித்துவம். நடுவுல நாம மட்டும் சோஷலிசம் நடத்தறோம்னு ஏமாந்தா, கொஞ்ச நாள்ல நாமளே முதலாளி ஆயிடுவோம்" என்பது அவர் கட்சி. முதலாளி போய்விட்டால் சுரண்டலும் போய்விடும், தொழிலாளி கையில் சாவி வந்தால் அதுதான் சோஷலிசத்தின் முதல் படி என்பது என் கட்சி. நான் ஜெயித்தேன். தொழிலாளர் கூட்டுறவு சொசைட்டி என்று பதிவு செய்தோம். எல்லோரும் பங்குதாரர், எல்லோருக்கும் ஒரே ஓட்டு. தோற்ற பிறகு தலைவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொசைட்டிக்கும் அவரையே தலைவராகவும் என்னையே செயலாளராகவும் வைத்தார்கள்.

ஆரம்பத்து நாட்கள் பொன்னான நாட்கள். முதலாளியின் ஏ.சி. அறையில் உட்கார யாருக்கும் கூச்சம், அதில் அட்டைப்பெட்டிகளை அடுக்கினோம். கேன்டீனில் சூப்பர்வைசரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றார். சம்பளம் குறைவுதான். யாரும் முணுமுணுக்கவில்லை. முனிராஜு என்று ஒருவர், பெயின்டிங் செக்‌ஷன், ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிவந்து, "இதெல்லாம் நம்மதும்மா" என்று ஒவ்வொரு மெஷினாகக் காட்டினார். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு எங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. எந்தத் திறந்த கதவு எங்கள் முதலாளியை விரட்டியதோ அதே கதவு வழியாகத்தான் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்தன. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் நிற்கக் கூடாது. அதற்கு யூபிஎஸ் வேண்டும், யூபிஎஸ்ஸுக்குள் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஆர்டர் குவிந்தது. செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்ற ஆள் போதவில்லை. கான்டிராக்டர் ஒருவர் மூலமாகப் பெண்களை எடுத்தோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பொம்மசந்திராவில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர்கள். தற்காலிகமாகத்தான், ஆர்டர் நிலைத்தால் உறுப்பினர் ஆக்கிவிடலாம் என்று பேசிக்கொண்டோம். ஆர்டர் நிலைத்தது. பேச்சு மட்டும் பேச்சாகவே இருந்தது.

அந்தப் பெண்களில் வசந்தா என்று ஒருத்தி. அரூர்ப் பக்கம். வாய்த்துடுக்கு அதிகம், கை அதைவிட வேகம். "அண்ணா, நீங்க மீட்டிங் போட்டுப் பேசி முடிக்கறதுக்குள்ள நாங்க ரெண்டு லோடு அனுப்பிடுவோம்" என்று கிண்டல் செய்வாள். கணவன் பக்கத்து ஃபேக்டரியில் லோடிங் வேலை. கல்யாணமாகி நெடுநாள் கழித்து அப்போதுதான் அவளுக்கு ஐந்தாம் மாதம்.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் என்னைத் தேடி வந்தாள். முகத்தில் கிண்டல் இல்லை.

"அண்ணா, திங்கட்கிழமைல இருந்து எனக்கு பிரேக்காம். கான்டிராக்டர் சொல்றாரு. இன்னும் நாலஞ்சு பேருக்கும் சேத்துத்தான்."

எனக்குச் சுரீர் என்றது. "பிரேக்கா? நம்ம ஃபேக்டரிலயா?"

"உங்களுக்குத் தெரியாதா? போன வருஷமும் ஒரு தடவை குடுத்தாங்களே. அப்ப நான் ஒண்ணும் கேக்கல. இப்ப இடையில நின்னுட்டா பிரசவச் சம்பளம் கிடைக்காதுன்னு ஈஎஸ்ஐ ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எங்களையும் மெம்பரா சேத்துக்கங்கண்ணா. அப்பறம் யாரும் பிரேக்குன்னு வர முடியாதுல்ல?"

விசாரித்தேன். யாரும் உத்தரவு போடவில்லை. கான்டிராக்டருக்கு அது ஊர் வழக்கம். எங்கள் ஆபீஸ் ஆளுக்கு அது பழைய முதலாளி காலத்துப் பழக்கம். அவர் நீட்டினார், இவர் கையெழுத்துப் போட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்களே, அந்தக் கதைதான். முதலாளி செய்தபோது வானத்துக்கும் பூமிக்கும் குதித்தவர்கள், எங்கள் கூரைக்குக் கீழேயே அது நடந்தபோது கவனிக்கக்கூட இல்லை. அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இனிமேல் ஒரு நாளும் நடக்காது என்று வசந்தாவிடம் சொன்னேன். சனிக்கிழமை மதியம் பொதுக்குழு. பெண்கள் எல்லோரையும் உறுப்பினர் ஆக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினேன். தலைவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு, கொண்டு வா" என்றார்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் இருவருக்கும் அந்தத் தீர்மானத்தில் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கேன்டீன் ஷெட்டில் கூட்டம். விதிப்படி உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே உட்காரக் கூடாது. அதனால் பெண்கள் கேட்டுக்கு வெளியே காத்திருந்தார்கள். வீட்டுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. முடிவு தெரிந்துகொண்டே போகிறோம் என்றார்கள்.

தீர்மானத்தைப் படித்தேன். முனிராஜு எழுந்தார். மெஷினை மகளுக்குக் காட்டினாரே, அவர்தான்.

"செக்ரட்டரி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க பொண்டாட்டி தாலியை அடகு வெச்சு இந்த ஷெட்டைக் காப்பாத்தினோம். நேத்து வந்தவங்களுக்கும் அதே பங்கு, அதே ஓட்டுன்னா எப்படி? நாளைக்கு ஆர்டர் படுத்துச்சுன்னா இருக்கிற சோத்தை எத்தனை பேர் பங்கு போடறது?"

நியாயமான பயம்தான். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. பலர் தலையாட்டினார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆறு மாதம் பயிற்சி உறுப்பினர், பிறகு முழு உறுப்பினர் என்று ஏதாவது ஒரு வழி சொல்லியிருந்தால் முனிராஜுவே உட்கார்ந்திருப்பார். அதற்குள் தலைவர் எழுந்துவிட்டார்.

"முனிராஜு மேல தப்பில்ல" என்று ஆரம்பித்தார். "அவனைப் பேச வைக்கிறது அவன் கையில இருக்கிற பங்கு. சொத்து வந்தா சொத்தோட புத்தியும் வரும். அன்னிக்கே சொன்னேன், யாரும் கேக்கல. இது சோஷலிசம் இல்லப்பா. ஒரு முதலாளிக்குப் பதிலா நூறு குட்டி முதலாளி."

என் பக்கம் திரும்பி அவர் சொன்ன கடைசி வாக்கியம் சுருக்கென்று தைத்தது. அன்று அவர் என் தீர்மானத்துக்கு ஆதரவாகத்தான் பேசினார் என்பது வீடு வந்து படுத்த பிறகுதான் புத்திக்கு எட்டியது. அந்த நேரத்தில் எனக்குக் கேட்டதெல்லாம் நான் கட்டியதை அவர் குறைசொன்னது மட்டும்தான். விடுவேனா?

"தலைவர் சொல்ற சோஷலிசம் எங்க இருக்கு, காட்டச் சொல்லுங்க" என்று ஆரம்பித்தேன். "சோவியத் யூனியனே படுத்துருச்சு. அரசாங்கம் நடத்தற ஃபேக்டரிகளையும் ஒவ்வொண்ணா விக்கறாங்க. மிச்சம் இருக்கிறது இந்த மாதிரி ஷெட்டுங்கதான்."

ஷெட் கலகலத்தது. யாரோ விசில் அடித்தார்கள். தலைவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பதிலுக்கு வந்தார். அரசு அதிகாரம் இல்லாமல் தொழிலாளி உடைமை என்பது கால் இல்லாதவன் வாங்கிய செருப்பு என்றார். பிரமாதமான கைதட்டல். அதிகாரத்துக்காகக் காத்திருந்தால் தொழிலாளி கிழவனாகிச் செத்துப்போவான் என்றேன். அதற்கும் கைதட்டல். பழைய நாட்களில் கேட் மீட்டிங்கில் நாங்கள் மாறி மாறிப் பேசுவோம். சொசைட்டி ஆன பிறகு ஆர்டர், டெலிவரி, பில் என்று வறண்ட பேச்சாகவே போய்விட்டது. வெகுநாள் கழித்து அந்த ருசி எல்லோருக்கும் திரும்பக் கிடைத்தது. டீ வந்தது, இன்னொரு டீ வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அன்று மாதிரி நான் என்றுமே பேசியதில்லை. அவரும்தான்.

அத்திப்பள்ளிப் பக்கம் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பின்வரிசையில் சிலர் எழுந்தார்கள். ஓட்டெடுப்புக்குப் போதுமான ஆள் இருக்காதே என்று அப்போதுதான் விழித்தோம். "முக்கியமான விஷயம், அவசரப்பட வேண்டாம், அடுத்த பொதுக்குழுவுல வெச்சுக்கலாம்" என்று யாரோ சொன்னார்கள். எல்லோருக்கும் நிம்மதி. ஒத்திவைக்க ஒப்புதல் கேட்டபோதும் கைதட்டினார்கள். தலைவர் என் தோளில் தட்டி, "சென்னாகி மாத்தாடித்தே" என்றார். நன்றாகப் பேசினாய் என்று அர்த்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையோடுதான் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

பெண்கள் எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். வசந்தா இடுப்பில் ஒரு கையை ஊன்றி மெல்ல எழுந்து, முகமெல்லாம் சிரிப்பாக முன்னால் வந்தாள்.

"உள்ள கைதட்டற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சுண்ணா. அப்பா, எத்தனை தடவை! எங்களைச் சேத்துக்கிட்டதுக்குத்தானே?"

நாற்பது வருஷ யூனியன் வாழ்க்கையில் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள், அடித்திருக்கிறார்கள், வேலையைவிட்டுத் தூக்கியிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் நின்றது போல நான் எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த கூட்டத்தில் நிச்சயம் என்று ஏதோ உளறினேன். அவள் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. "அப்ப திங்கட்கிழமை?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமையைத் தடுக்க ஓடாமல் இல்லை. கான்டிராக்டர் சொசைட்டியைக் கேட்கச் சொன்னார். ஆபீஸில் கமிட்டித் தீர்மானம் வேண்டும் என்றார்கள். கமிட்டியில், பொதுக்குழு ஒத்திவைத்ததை நாம் எப்படி மாற்றுவது என்றார்கள். அந்த விதிகளையெல்லாம் எழுதியவனே நான்தான். முதலாளி காலமாக இருந்தால் கேட்டுக்கு முன்னால் படுத்தாவது நிறுத்தியிருப்போம். எங்கள் கேட்டுக்கு முன்னால் நாங்களே எப்படிப் படுப்பது என்று எனக்கு விளங்கவில்லை. பிரேக் விழுந்தது.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன்னால் தலைவரைத் தனியாகப் பார்த்தேன். கேட்டில் வசந்தா கேட்டதைச் சொன்னேன். "இந்தத் தடவை நீயும் பேசாதே, நானும் பேசல" என்றார். கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்து கையைத் தூக்கினோம். எங்கள் இருவருடைய கையும் ஒன்றாக மேலே இருப்பதைப் பார்த்ததும் ஷெட்டில் பாதிக் கை எழுந்தது. கொஞ்சம் யோசித்து முனிராஜுவும் தூக்கினார், அவரைப் பார்த்து மிச்சப் பேரும் தூக்கினார்கள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

இளைய தோழர்களே, நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். உங்கள் எதிரியோடு வாதாடுங்கள், விடிய விடிய வாதாடுங்கள். உங்கள் பக்கம் நிற்பவனோடு கூட்டத்தில் வாதாடாதீர்கள். முதலில் கையைத் தூக்குங்கள், எந்தக் காரணத்துக்காகத் தூக்கினோம் என்பதை அப்புறம் டீக்கடையில் வைத்துச் சண்டை போட்டுக்கொள்ளலாம். எதையாவது ஒத்திவைக்கும்போது, ஒத்திவைப்பதால் யாருக்கு நஷ்டம், அந்த ஆள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறாரா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்களைக் கேட்க ஆள் இல்லை. முதலாளித்துவமா சோஷலிசமா என்ற கேள்வி சின்னக் கேள்வி என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் அதை நினைத்துத் தூக்கம் கெடுகிற ஆள்தான் நான்.

தீர்மானம் நிறைவேறிய மறுநாளே வசந்தாவின் அறையைத் தேடிக்கொண்டு போனேன். வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. உள்ளே கூப்பிட்டு, இருந்த ஒரே நாற்காலியில் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன். எல்லோரும் கை தூக்கினார்கள், இனி நீ உறுப்பினர், ஃபேக்டரி உனக்கும் சொந்தம் என்றேன். பிரசவச் சம்பளம் போனது போனதுதான். அதற்காக மன்னிப்பும் கேட்டேன்.

"நீங்க எதுக்குண்ணா மன்னிப்பு கேக்கறீங்க" என்றாள். "ஆனா எங்காளுங்க எல்லாம் கார்மென்ட்ஸ் கம்பெனிக்குப் போயிட்டாங்க. நானும் புள்ள பொறந்து கொஞ்சம் தேறினதும் அங்கதான் போகப் போறேன்."

எனக்குத் தாங்கவில்லை. அந்தக் கம்பெனியை எனக்குத் தெரியும், பாத்ரூம் போனால்கூட நேரம் பார்ப்பார்கள். "அது முதலாளி கம்பெனிம்மா. அங்க உனக்கு ஒரு ஓட்டும் கிடையாது. இது உன் ஃபேக்டரி" என்றேன்.

டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குப் புரிய வைக்க வேண்டுமே என்று பொறுமையாகச் சொன்னாள்.

"இருக்கட்டும்ண்ணா. அங்க முதலாளின்னு ஒருத்தர் இருக்காரு. யாரைப் போய்க் கேக்கணும்னாவது தெரியும்."